அப்பாவுக்கு நல்ல சுகம்

யார் சுகம் விசாரித்தாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான். "கர்த்தர்ரை கிருபை, நல்ல சுகம்." காய்ச்சலில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார். எங்கள் திருச்சபையில் அவர் வயதுக்காரர் எல்லோரும் அப்படித்தான். நோவைச் சொல்வது கடவுளைக் குறை சொல்வது போல என்று வளர்ந்தவர்கள். இன்று அந்தக் குரலை ஒருமுறை கேட்க மாட்டேனா என்று ஏங்குகிறேன். ஆனால் ஒரு வருடம் அந்தப் பதில் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

அப்பா பருத்தித்துறை வீதியில் மினிபஸ் ஓட்டியவர். புத்தூரில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்க வீதியைக் கடந்தபோது ஒரு வான் மோதியது. இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. சத்திரசிகிச்சை செய்தும் கிளச்சை மிதிக்க முடியவில்லை. நல்லகாலம், விபத்தில் வலுவிழந்து தொழில் செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் உதவித்தொகை தரும் காப்புறுதி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். படிவங்களை நான்தான் நிரப்பினேன். கந்தோரில் எழுத்து வேலை பார்ப்பவள் அல்லவா, எல்லாம் தெரியும் என்ற மிதப்பு.

காப்புறுதிக்காரர் அரியாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்ப்பதாக அறிவித்தார்கள். நான் வேலைக்குப் போயிருந்த நாள் அது. அப்பா முகம் வழித்து, அயன் பண்ணிய சேட் போட்டு, ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். வந்தவர் காலைப் பற்றிக் கேட்டபோது, "அது கிடக்கட்டும் தம்பி, வெயிலுக்குள்ளை வந்திருக்கிறியள், முதல் தண்ணியைக் குடியுங்கோ" என்றாராம். போகும்போது வாசல் படலை வரை நடந்துபோய் வழியனுப்பியும் வைத்தாராம்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. உதவியின்றி நடக்கிறார், சுகமாக இருப்பதாகத் தானே கூறினார், ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"ஆர் உங்களைப் படலை மட்டும் போகச் சொன்னது?"

"வீட்டை வந்த மனிசனைக் கதிரையிலை இருந்துகொண்டே அனுப்புறதோ?"

மேன்முறையீடு செய்தேன். டொக்டர்கள் கூடிப் பரிசோதித்து முடிவு சொல்லும் மருத்துவச் சபைக்கு வரச் சொன்னார்கள். இதுவும் தவறினால் இனி வழியில்லை. ஒரு கிழமை முழுக்க நான் டொக்டராக நடித்து அப்பாவைக் கேள்வி கேட்டேன். ஒவ்வொரு முறையும் "நல்ல சுகம்" என்று தொடங்கினார். அம்மா குசினிக்குள் இருந்து சிரித்தாள்.

"அழுத பிள்ளைக்குத்தான் பால், அப்பா. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுங்கோவன்" என்றேன்.

"என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியோ?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருத்துவச் சபையில் மூன்று டொக்டர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் சுகம் கேட்டார். அப்பா, "கர்த்தர்ரை..." என்று தொடங்கி நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நோகுது, டொக்டர். சரியா நோகுது. ஒரு வருசமா முழங்காலிலை நிண்டு செபம் பண்ணேலாமல் கிடக்கு. படி ஏறினால் கண் இருட்டுது. மனிசிக்குக் கேக்கக்கூடாது எண்டு பைப்பைத் திறந்துவிட்டிட்டுத்தான் குளியலறைக்குள்ளை அழுறனான்."

இதில் ஒன்றையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டிச் சொல்லச் சொன்ன எனக்கு, உள்ளதில் பாதிகூடத் தெரிந்திருக்கவில்லை. அந்த அறையில் நான் பட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை.

கோரிக்கை ஏற்கப்பட்டது. ஆனால் அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அப்பா சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்து, வேறொருவர் ஓட்டும் பஸ்ஸின் கிளச்சையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குவதற்குச் சற்று முன் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நான் உள்ளை சொன்னதை அம்மாட்டைச் சொல்லிப்போடாதை."