பக்கத்துப் படுக்கைக்கு மூன்றரை

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் அது இதயத்தைப் பிடித்துவிட்டது என்றார்கள். இதயம் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் ரத்தம் தள்ளுகிறது என்று தினமும் அளந்தார்கள். அந்த எண் ஏறினால்தான் தீவிர சிகிச்சையிலிருந்து வெளியே விடுவார்கள். ஏறாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

கழுத்தில் ஒரு குழாய், தொடையில் ஒரு குழாய். கழுத்து வழியாகக் குளிர்ந்த உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். அந்தக் குளிர்ச்சி இதயத்தைத் தாண்டித் தொடைக்கு வருவதைப் பார்த்து மிஷின் எண் சொல்லும். நான் உப்பளத்தில் உப்பு சுமக்கிறவள். இங்கேயும் உப்புத்தானா என்று நினைத்தேன்.

பக்கத்துப் படுக்கையில் தருவைகுளத்துப் பையன். அதே வயது, அதே காய்ச்சல். அவனுக்குக் குழாய் இல்லை. கழுத்துக் குழியில் பசை தடவி, பேனா போல ஒன்றை வைத்து அதே எண்ணைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். அவன் கூச்சத்தில் சிரிப்பான். என் மகள் சிரித்து நாலு நாள் ஆகியிருந்தது.

அவன் அம்மா வெளியே பெஞ்சில் ஜெபமாலையோடு இருப்பாள்.

“ஏளா, உம் மவளுக்கு இன்னைக்கு எவ்வளவு?”

“ரெண்டு.”

“எம் மவனுக்கு மூணரை. மாதா கண்ணத் தொறந்துட்டா.”

“எங்க முத்தாரம்மன் தூங்குதா போல.”

அவள் சிரித்தாள். பொரித்த மீன் நீட்டினாள். பசிக்கவில்லை என்றேன். நல்ல பசி.

மறுநாள் டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“எம் மவளுக்கும் அந்தப் பேனாவ வைங்கம்மா. கொழாய உருவிருங்க.”

“எதுக்கு?”

“அதுல வச்சா கூட வருதுல்லா.”

டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை வைத்தார். இரண்டே முக்கால். கையோடு உப்புத் தண்ணீரும் ஏற்றினார். இரண்டு.

“ஒரே பிள்ளை, ஒரே நேரம். இதயம் மாறல. அளக்குற விதம்தான் வேற. உங்க பிள்ளைக்கு நான் குழாயைத்தான் நம்புவேன். நாளைக்கு இதே குழாய்ல ஏறுதான்னு பாருங்க. அந்தப் பையனோட சேர்த்துப் பார்க்காதீங்க.”

உப்பளத்தில் தண்ணீர் முறுகி உப்பு விளையும் பதத்துக்கு வந்ததா என்று பார்க்க, எண் போட்ட கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவோம். இரண்டு குழாய் ஒரே எண்ணைக் காட்டி நான் பார்த்ததில்லை. ஒரு பாத்திக்குக் கடைசிவரை ஒரே குழாய்தான். இருபது வருடமாகத் தெரிந்தது, அந்தப் பெஞ்சில் மறந்துபோனது.

வெளியே வந்து பையனின் அம்மாவிடம், “ரெண்டே முக்கா” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்.

அடுத்த நாள் அந்தப் பையனை வார்டுக்கு மாற்றினார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்களுக்கு இரண்டேகால் ஆனது. ஒரு நாள் அப்படியே நின்றது. பிறகு இரண்டரை. பையன் போன ஆறாம் நாள் மூன்று. அதே குழாயில். அதன் பிறகுதான் குழாயை எடுத்தார்கள்.

வார்டில் பையனின் அம்மா தன் பக்கத்துப் படுக்கையில் சேலையை விரித்து எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். என் மகள் முதன்முதலாக எழுந்து நின்றதும், “யாரு ஒசரம்னு பாப்பம்” என்று மகனைக் கொண்டுவந்து முதுகோடு முதுகாக நிறுத்தினாள். அவன் இரண்டு விரல் அதிக உயரம்.

நான் குனிந்து என் செருப்பைக் கழற்றி மகளுக்குப் போட்டுவிட்டேன்.

“ஏளா, இது கள்ளாட்டம்லா!”

என் மகள் சிரித்தாள்.

“இப்ப சரியா இருக்கு,” என்றேன்.