இரண்டு ரவுட்டர் வைத்த அம்சவள்ளி

உள்ளறையில் கம்ப்யூட்டர் மணி அடித்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தீனதயாளனை அப்படியே விட்டுவிட்டு அம்சவள்ளி ஓடினாள்.

"ஹலோ! அம்சவள்ளி பேசறேங்க!"

பதில் இல்லை. ஆறு நாளாக இதே கதி. எதிர்முனையில் ஒரு மூச்சுச் சத்தம்கூடக் கேட்பதில்லை.

பதினாறு வருஷம் கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய், கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் நின்றபடியே புடவை விற்றவள் அவள். முழங்கால் தேய்ந்துபோய், "இனி நிற்கவே கூடாது" என்று டாக்டர் சொன்ன அன்று அவள் அழுத அழுகையைக் கல்லும் தாங்காது. அப்புறம்தான் சென்னைப் புடவைக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே இன்டர்நெட் போனில் ஆர்டர் எடுக்கும் வேலையைத் தந்தது. ஒரு வாரம் சோதனை. இன்றோடு முடிகிறது.

"தீனா, சீக்கிரம் பாரு. இன்னிக்கும் கேக்கலன்னா வேலை பூடும்."

நெட் இணைப்பு கொடுத்தவனே அவன்தான். மேசைக்கடியில் நுழைந்தான். "பயப்படாதக்கா."

"பயமா? என்னச் சோதிக்கிற அந்தக் கம்பெனி ராதிகா மேடம் மூஞ்சியப் பாத்தாலே காச்சின பால் திரிஞ்சிடும்! பொடவை விக்கறதப் பத்தி அதுக்கு இன்னா தெரியும்? இப்ப பாரு. ஒன் பொண்டாட்டி இன்னா நெறம்?"

"மாநெறம்."

"அப்ப மாந்தளிர் கலரு. மெல்லிசா சரிகை. பத்து தபா தொவச்சாலும் மடிப்பு நிக்கும். வண்டில பின்னாடி ஒக்காந்துக்கினு வந்தா சங்கராபுரமே திரும்பிப் பாக்கும். நீ திரும்பலன்னா என்னக் கேளு!"

"ஒண்ணு எடுத்து வையிக்கா" என்றவன், திடீரென்று கத்தினான். "இன்னாக்கா இது, ரெண்டு ரவுட்டரு?"

"பழசு நல்லாத்தானே ஓடுது? ஆயுத பூஜைக்குச் சந்தனம் வச்சத எப்படித் தூக்கிப் போடுறது? நீ குடுத்த புதுசோட அதயும் சேத்து மாட்டிட்டேன். ஒரே கெணத்துல ரெண்டு மோட்டார் போட்டா தண்ணி ஜாஸ்தி வரல?"

தீனதயாளன் சிரித்த சிரிப்பில் மேசையில் தலை இடித்தது. "ரெண்டும் வாசக்காவல் நிக்குதுக்கா. உள்ளேர்ந்து போறவங்கள வுட்டுடும். வெளியேர்ந்து வர பேச்சு மொத காவல்லயே வழி தெரியாம நின்னுடுது. நீ பேசறது மட்டும் அங்க நல்லாக் கேக்கும்."

"கேக்குமா? இப்பவுமா?"

அவன் திரையைப் பார்த்தான். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம்.

அம்சவள்ளியின் காலடியில் பூமி பிளந்தது. "அய்யோ, பால்!" என்று நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவன் பழைய ரவுட்டரைக் கழற்றி, ஒயரைப் புதியதில் செருகினான். அழைப்பு அறுந்தது. அடுத்த நிமிஷமே திரும்ப அடித்தது.

"ராதிகா பேசறேன்." பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அத்தனை தெளிவு.

"மேடம்... அந்தப் பாலு..."

"அதை விடுங்க. அந்த மாந்தளிர் புடவை எனக்கும் ஒண்ணு வேணும். நாளைக்கு ஒன்பது மணிக்கு லைன்ல இருங்க. வேலை உங்களுக்குத்தான்."

அம்சவள்ளி அழுதாள், சிரித்தாள், தேய்ந்த முழங்காலோடு ஒரு சுற்று ஆடியும் விட்டாள். பையைத் தோளில் மாட்டிய தீனதயாளன் வாசலில் நின்றான்.

"அக்கா, எம் பொடவை?"

"வூட்டுக்குப் போயி போன் போட்டுக் கேளு. மொத ஆர்டரு ஒன்னுதுதான்!"

அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.