நான் கூப்பிட்ட வாடகை

அன்றைக்கு இருந்தவர்கள்: நான். என் சம்சாரம். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன். பிளஸ் டூ முடித்த மகள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மச்சான், சம்சாரத்தின் அண்ணன். ஐந்து பேர். வீட்டில் நாற்காலி மூன்று. ஒன்றில் மச்சான், ஒன்றில் மகன். மூன்றாவதில் மகளின் சர்டிபிகேட் பை. அதைக் கீழே வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்தோம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது.

ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் எடை போடுகிறேன். வத்தல், மல்லி, புளி. இருபத்தேழு வருஷம். படிப்பு ஐந்தாவது. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. மூட்டை தராசில் ஏறியதும் எடையை நான் சத்தமாகக் கூப்பிடணும். கணக்கர் உள்ளே இருந்து எழுதுவார். எட்டிப் பார்க்க மாட்டார். முதல் மூட்டையை ஒன்று என்று எண்ணக் கூடாது. லாபம் என்று சொல்லணும். அப்புறம் ரெண்டு, மூணு. கூப்பிட்டது கூப்பிட்டதுதான். திருப்பிக் கேட்டால் ஆளை நம்பவில்லை என்று ஆகிவிடும். இப்போது கரண்டு தராசு வந்துவிட்டது. நம்பர் சிவப்பாக எரியும். ஆனாலும் நான் கூப்பிட்டால்தான் எழுதுவார். ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ நான் கூப்பிட்டதில்லை. கடையில்.

மகளுக்குக் கோயம்புத்தூரில் சீட் கிடைத்திருந்தது. துணி, நூல், சாயம் பற்றிய இஞ்சினியரிங். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. சின்னதில் கடைக்கு வந்தால் காலிச் சாக்கைப் பிரித்துக்கொண்டே இருப்பாள். குறுக்கு நூல் தனியாக, நெடுக்கு நூல் தனியாக. அதட்டினால் திரும்ப நெய்யப் பார்ப்பாள். பிறந்தது அம்பாசமுத்திரம், படித்தது இங்கே மலையாளச் சீமையில். அதனால் அந்தப் பக்கத்து ஆள்தான் என்று சர்டிபிகேட் வாங்க மூன்று தடவை பஸ் ஏறினேன். சந்தோஷமாகத்தான் ஏறினேன்.

பீஸ் பெரிய கஷ்டம் இல்லை. தங்குகிற இடம்தான் கேள்வி. அந்தக் காலேஜ் ஹாஸ்டலில் முதல் வருஷத்துக்கு இடம் இல்லை என்றார்கள். வெளியேதான் பார்க்கணும்.

"பேசாம நாம எல்லாருமே கோயம்புத்தூர் போயிடுவோமா?" என்றாள் சம்சாரம்.

நாங்கள் இருப்பது முதலாளியின் குடோனுக்குப் பின்னால் இரண்டு அறை. வாடகை என்று பேருக்கு ஒரு தொகை. நான் தராசில் நிற்கிற வரைக்கும் வீடு. வெளியே போனால் இந்த வாடகைக்கு ஒரு கோழிக்கூடு கிடைக்காது. விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்த பிறகு அந்தப் பக்கமும் வாடகை ஏறிவிட்டது.

"எனக்குக் கழக்கூட்டத்துல ஒரு கட்டில்தான்," என்றான் மகன். "ஒரு ரூம்ல நாலு கட்டில். கட்டிலுக்கு அடியில செருப்பு வச்சதுக்கு ஓனர் ஒரு மாதிரி பார்த்தாரு. அடுத்த மாசம் செருப்புக்கும் வாடகை கேப்பாரு."

"நீ செருப்பைத் துடைச்சு வச்சா கேக்க மாட்டாரு," என்றாள் மகள்.

"எடீ, சீட் கிடைச்சதும் வாய் நீளுது."

மச்சான் சிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எதுக்கு இவ்வளவு பேச்சு? நான் அங்க எதுக்கு இருக்கேன்? என் வீட்டுல இருக்கட்டும். மாடில ஒரு அறை சும்மா கெடக்கு. தாய்மாமன் வீடு இருக்கும்போது ஹாஸ்டல்ல போட்டா ஊரு என்ன சொல்லும் மாப்பிள்ளை?"

சம்சாரத்தின் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மச்சானுக்கு ஒரு பையன். மகளைவிட நான்கு வயசு மூப்பு. மோட்டார் பம்பு செய்கிற பட்டறையில் வேலை. நல்ல பையன். முறைப் பையன். நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே பானைச் சோறு தின்றுவிட்டு, கடைசியில் அவர்கள் வாய் திறந்து கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? கேட்கவே மாட்டார்கள். கேட்காமலே முடிந்துவிடும்.

எனக்குத் தெரியும். என் கல்யாணம் அப்படித்தான் நடந்தது. பதினெட்டு வயசில் இந்த ஊருக்கு வந்தேன். மாமா வீட்டில் மூன்று வருஷம் சாப்பிட்டேன். பிறகு ஒரு நாள் மாமா மகளைக் கட்டிக்கொள்ள வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். சம்சாரத்தைக் குறை சொல்லவில்லை. நல்லவள். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. அவளையும் யாரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷமாக இதை அவளிடம் சொன்னதில்லை.

மகளிடம் யாராவது கேட்கணும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

அதை மச்சான் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. ஹாஸ்டலில் சேர்க்கிறேன் என்று சொல்லவும் முடியாது. அதே ஊரில் தாய்மாமன் வீட்டைத் தாண்டி ஹாஸ்டலுக்குப் போனால் அவர் பிறகு எங்கள் வாசல்படி மிதிக்க மாட்டார். சம்சாரத்துக்கு இருப்பது ஒரே அண்ணன்.

"அண்ணன் வீடுன்னா எனக்குச் சம்மதம்," என்றாள் சம்சாரம்.

மகள்தான் இடையில் பேசினாள். "மாமா, உங்க வீட்டுலேருந்து காலேஜ் ரொம்பத் தூரம். மேப்புல பார்த்தேன். காலேஜ் பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் இருக்கு. அப்பா போன் பண்ணிக் கேட்டாங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

மகன் சொன்னான்: "வாடகையும் சாப்பாடும் சேர்த்து ஏழாயிரத்துக்குள்ள நின்னா மாசாமாசம் நான் தர்றேன். அதுக்கு மேல என்னால ஆகாது. எவ்வளவுப்பா சொன்னாங்க?"

நான் முந்தின நாள் கடையிலிருந்து பேசியிருந்தேன். வத்தல் மூட்டைக்கு நடுவில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு. அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். ரூமுக்கு இரண்டு பேர். மூன்று வேளை சாப்பாடு. ராத்திரி எட்டரைக்குக் கேட் பூட்டிவிடுவார்கள். அவர்கள் சொன்ன தொகை ஏழுக்குள்தான் நின்றது.

நான்கு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

ஹாஸ்டல் என்றால் மச்சானுக்கு அவமானம். மச்சான் வீடு என்றால் மகளின் கழுத்தில் கயிறு. எதிலும் யார் மேலும் பழி வராமல் இருக்க ஒரு வழிதான் தோன்றியது. யோசித்து வைத்ததில்லை. அப்போது வந்தது.

"ஒன்பதாயிரத்து ஐந்நூறு," என்று கூப்பிட்டேன்.

மகன் அதைப் போனில் குறித்துக்கொண்டான். திருப்பிக் கேட்கவில்லை. யாரும் அந்த நம்பருக்கு மறுபடி போன் போடவில்லை. அப்பா விசாரித்தாயிற்று.

"அதான் சொல்றேன், என் வீட்டுக்கு அனுப்பு," என்றார் மச்சான்.

"தூரம்னு அவளே சொல்றா மச்சான். தினமும் அவ்வளவு தூரம் போயிட்டு வந்து படிக்க முடியாது," என்றேன். அவள் ஹாஸ்டலுக்காகச் சொன்ன காரணத்தை எடுத்து அவளுக்கே பூட்டுப் போட்டேன்.

அப்புறம் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக இங்கே உள்ள காலேஜுக்கு வந்தது. பி.காம். வீட்டிலிருந்தே போகலாம், வாடகை மிச்சம். மகள் பையை நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

"சாரமில்லப்பா," என்றாள்.

இந்த ஊரில் பரவாயில்லை என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். பஸ்ஸில் காலை மிதித்தாலும் அதுதான். அவள் எழுந்து போய்ச் சாயா போட்டாள். எனக்குச் சர்க்கரை குறைத்து, மாமாவுக்குக் கூட்டி. ஒன்றும் மாறாமல் போட்டாள்.

இரண்டு வருஷம் ஆகப் போகிறது. காலையில் ஏழரைக்குக் கிளம்புகிறாள். இரண்டு பஸ். நல்ல மார்க் வாங்குகிறாள். சாக்கு நூலைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. கடைக்கு வந்தால் மூட்டையைத் தொடாமல் நிற்கிறாள்.

மகன் சொன்ன சொல்லை விடவில்லை. தங்கச்சிக்குத் தருவதாகச் சொன்னதில் பாதியை வீட்டுக்குக் கொடுத்தான். அதில் பிரிட்ஜ் வாங்கினாள் சம்சாரம். சமையல்கட்டில் இடம் இல்லாமல் நான் படுக்கிற அறையில் நிற்கிறது. தலைமாட்டில் உறுமும். நான் அதிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடிப்பதில்லை. பல் கூசுகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் நான் கூப்பிட்டதுதான்.

போன கோடையில் மச்சான் வந்தார். கையில் கல்யாணப் பத்திரிகை. பையனுக்கு. பெண் அவன் பட்டறை ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாகப் பழக்கமாம்.

"மூணு வருஷமா?" என்று கேட்டேன்.

"ஆமா மாப்பிள்ளை. எங்களுக்கு ஆரம்பத்துலேயே தெரியும். வீட்டுக்காரிதான் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா. இப்ப நகைக் கடைக்கு மருமகளைக் கூட்டிட்டு அவதான் அலையுறா."

அப்படியென்றால் எங்கள் வீட்டில் பேசின அன்றைக்கே அவருக்குத் தெரியும். மாடி அறை வெறும் மாடி அறைதான்.

நான் ஒன்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்குப் புள்ளைய ஹாஸ்டல்ல போட்டிருந்தா வருத்தப்பட்டிருப்பீங்களா?"

"ரெண்டு நாள் திட்டியிருப்பேன்," என்றார். "மூணாவது ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு தூக்குச்சட்டியோட ஹாஸ்டல் வாசல்ல நின்னிருப்பேன். அதுக்குள்ள காசு ஜாஸ்தின்னு முடிஞ்சு போச்சே. பாவம் புள்ள."

மஞ்சள் தடவிய பத்திரிகையை அலமாரியில் வைத்தாள் சம்சாரம். கல்யாணத்துக்கு எல்லோரும் போனோம். மண்டபத்திலிருந்து காலேஜ் பக்கம்தான் என்றார்கள். மகள் போய்ப் பார்க்கணும் என்று சொல்லவில்லை. நான் கூட்டிப் போகிறேன் என்றும் சொல்லவில்லை.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகும்? சீட் போனது போனதுதான். எனக்குப் பாரம் இறங்கும். அவளுக்கு ஏறும். அப்படி ஒரு நியாயம் வைத்திருந்தேன். எடை போடுகிறவனுக்கு நியாயம் சுலபமாக வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனை ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர் வீட்டுக்கு வந்தார். செங்கோட்டைக்காரர். கூடவே மகள். அந்தப் பெண்ணுக்கும் கோயம்புத்தூரில் சீட் வந்திருக்கிறது. வேறு காலேஜ், அதே பக்கம்தான். பேப்பரை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தது.

இருந்தவர்கள் நான், சம்சாரம், மகள், அவர்கள் இரண்டு பேர். மறுபடியும் ஐந்து. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கையில் மாவு இருக்கிறது என்றார்.

"அண்ணாச்சி, நீங்க அன்னைக்கு அங்க ஹாஸ்டல் விசாரிச்சீங்கல்லா? என்ன ரேட்டு? நானும் வீட்டுக்காரியும் விரலை மடக்கி மடக்கிப் பாத்துட்டோம். ஏழு, ஏழரை வரைக்கும் எப்படியும் பொரட்டிருவேன். இந்த ரெண்டு வருஷத்துல கொஞ்சம் ஏறியிருக்கும், அதுவும் தெரியும்."

நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள். அவளுக்கு அந்தத் தொகை மனப்பாடம்.

"அப்பவே ஒன்பதாயிரத்து ஐந்நூறு மாமா. அப்பாதான் போன்ல கேட்டாங்க."

"ஒன்பதரையா?" என்றார் அவர். கையைப் பார்த்துக்கொண்டார். நகத்தில் காய்ந்த மாவைச் சுரண்டினார். "அப்ப இப்ப பத்துக்கு மேல இருக்கும். சரி மக்ளே. இங்கேயே ஏதாவது பாப்போம்."

அந்தப் பெண் பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும்.

என் மகள் அதன் தோளில் கை வைத்தாள். "சாரமில்ல," என்றாள்.

அவர்கள் படி இறங்கினார்கள். சம்சாரம் விளக்கைப் போட்டாள். மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், எனக்கு முதுகு காட்டி.

"நில்லுங்க," என்றேன். கடையில் கூப்பிடுகிற சத்தம் வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். மகளும் திரும்பினாள்.

"ஒன்பதரை இல்லை. நான் பொய் சொன்னேன். அந்த அம்மா என்கிட்டச் சொன்னது வேற."

"எவ்வளவுப்பா?" என்றாள் மகள்.

இத்தனை வருஷத்தில் ஒரு எடையைத் திருப்பிக் கேட்டது அவள் ஒருத்திதான். கூப்பிட்டேன்.

ஆறாயிரத்து ஐந்நூறு.