ஒரு தப்பும் இல்லாத வகுப்பு

அயல்மொழித் துறையில் அவளுக்குத் தப்பு மேடம் என்று பெயர். மாணவர்கள் வைத்தது. முதன்முறை காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளிடம் ஜெர்மன் எம்.ஏ. படிக்கிறவர்கள் ஆளுக்கொரு தப்பு நோட்டு வைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று புதுத் தப்பாவது அதில் ஏற வேண்டும். போன வாரத்துத் தப்பையே மறுபடி எழுதிக்கொண்டு வந்தால் செல்லாது.

"தப்பே பண்ணாதவங்க வீட்டுல இருக்கலாம். எனக்கு இங்க வேலை இல்லாமப் பண்ணிடாதீங்க" என்பாள். வகுப்பு சிரிக்கும்.

இந்த மொழிக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. பொருளாதாரம் கிடைக்காமல், படிவத்தில் மூன்றாவதாக எழுதியிருந்த ஜெர்மன் கிடைத்தது. "அதைப் படிச்சுட்டு யார்கிட்டப் பேசப் போற?" என்று அப்பா கேட்டார்.  பிற்பாடும் அந்தக் கேள்விக்குப் பெரிதாகப் பதில் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. இரண்டாம் வருடத்தில்தான் பிடிப்பு வந்தது. பழைய நாவல்களில் கதவைத் திறந்துவிட்டு, காபி வைத்துவிட்டு மறைந்துபோகிற வேலைக்காரப் பெண்கள் ஏன் ஒரு முழு வாக்கியம்கூடப் பேசுவதில்லை என்று ஒருநாள் தோன்றியது. அந்த ஒரு கேள்வி அவளுடைய ஒன்பது வருடத்தைத் தின்றது. முதல் ஆய்வு நெறியாளர் ஓய்வு பெற்றுப் போனார். இரண்டாமவர் தலைப்பை மாற்றச் சொன்னார், பிறகு பழைய தலைப்பே தேவலை என்றார். நடுவில் கல்யாணம், ஒரு மகள். முனைவர் பட்டம் வந்தது. ஆய்வேடு நூலகத்துக்குப் போனது. இதுவரை அதைக் கேட்டு எடுத்தவர் ஒரே ஒருவர், அதுவும் பைண்டிங் எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்க்க.

அந்த நாட்டை அவள் பார்த்ததில்லை. "அம்மா, நீ நீச்சல் தெரியாத நீச்சல் வாத்தியார் மாதிரி" என்பாள் மகள். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவன் அதற்குச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதித்து.

பதினான்கு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். வருடத்துக்கு ஒருமுறை பத்து மாதத்துக்கு ஓர் உத்தரவு வரும். மீதி இரண்டு மாதம் துறையின் பதிவேட்டில் அவள் கிடையாது. ஆசிரியர் அறையில் அவளுடைய மேசை மட்டும் இருக்கும்.

கடைசியில் ஒரு நிரந்தரப் பணியிடம் அறிவித்தார்கள். வயது வரம்பு நாற்பத்தைந்து. அவளுக்கு நாற்பத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தது. இது போனால் அடுத்தது என்று ஒன்று இல்லை. சான்றிதழ் சரிபார்ப்பில் மூன்று பேர் விழுந்து, இருவர் மிஞ்சினார்கள். மற்றவன் அந்த நாட்டிலேயே உதவித்தொகையில் இரண்டு வருடம் படித்துத் திரும்பியவன், அவளைவிடப் பதிமூன்று வயது இளையவன். துறையில் அவனை ஸ்காலர்ஷிப் என்றே சொல்வார்கள். நல்ல பையன்தான். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

தேர்வில் முக்கியமானது மாதிரி வகுப்பு. நிஜ மாணவர்கள் பத்துப் பேரை உட்கார வைத்து, இருபத்தைந்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். பின்வரிசையில் துறைத்தலைவரும், வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் நிபுணர் அம்மாவும் மதிப்பெண் தாளோடு உட்காருவார்கள். போட்டியாளர்கள் இருவருக்கும் அதே பத்துப் பேர்தான். அந்த வருடம் எம்.ஏ.வில் ஒரே ஒரு வகுப்புதான் இருந்தது. அது அவளுடையது. மதிப்பெண் தாளில் ஐம்பதுக்கு இருபது 'மாணவர் பிழைகளைக் கையாளும் விதம்' என்பதற்கு. அதைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவள் வாழ்நாளில் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

தலைப்பைக் காலையில்தான் கொடுத்தார்கள்: நேற்று நடந்ததைச் சொல்லுதல். முதல் கேள்வியை வகுப்புத் தலைவியிடம் கேட்டாள். லீடர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண் எழுந்து நின்று, ஐந்து சொல்லில் ஒரு வாக்கியம் சொல்லி உட்கார்ந்தாள். சரியான வாக்கியம். அடுத்தவனும் ஐந்து சொல், சரி. கடைசி பெஞ்சு நெட்டை, வாயைத் திறந்தால் நான்கு தப்பு கொட்டுகிறவன், "நான் நேற்று வீட்டில் இருந்தேன்" என்பதை ஜெர்மனில் பளிங்கு மாதிரிச் சொன்னான். பத்துப் பேரும் நேற்று வீட்டில் இருந்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள்.

 ஏன் வீட்டில் இருந்தாய், மழை பெய்யாவிட்டால் என்ன செய்திருப்பாய் என்று அவள் கேள்வியைக் கடினமாக்கினாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவளையே பார்த்துப் புன்னகை செய்தார்கள். மழை பெய்யாவிட்டால் என்ன என்று இன்னொருவனைக் கேட்டாள். அவனும் புன்னகை செய்தான். திருத்த ஒன்றும் இல்லாத கரும்பலகையில் தேதியும் தலைப்பும் மட்டும் இருந்தன. நிபுணர் அம்மா பேனாவை மூடி வைப்பதை அவள் பார்த்தாள்.

அடுத்த அரை மணி நேரம் ஸ்காலர்ஷிப் உள்ளே இருந்தான். அவள் வராந்தாவில் நின்றாள். உள்ளே ஒரே கலகலப்பு. அவனும் சிரித்தான், நிபுணர் அம்மாவும் சிரித்தார். சாக்பீஸ் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை.

நான்காம் நாள் துறைத்தலைவர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்க கிளாஸ்ல குறையே இல்லைம்மா. அதுதான் அந்த நிபுணர் அம்மாவுக்கு உறுத்துச்சு. ஒத்திகை பார்த்த மாதிரி இருக்குன்னு எழுதிட்டாங்க. பிழையைக் கையாளறதுக்கு இருபதுக்கு ரெண்டுதான்."

"நான் ஒத்திகை எதுவும் பார்க்கலை சார்."

"எனக்குத் தெரியாதா? ஆனா பசங்க அப்படித்தானே உட்கார்ந்திருந்தாங்க."

வெளியே வந்தபோது படிக்கட்டில் லீடரும் நெட்டையும் காத்திருந்தார்கள். கிடைக்கவில்லை என்று அவள் சொன்னதும் நெட்டை கொதித்துப்போனான்.

"எப்படி மேடம்? உங்க கிளாஸ்ல ஒரு தப்பு விட்டோமா நாங்க? தெரிஞ்சதை மட்டும் பேசணும், தெரியலைன்னா வாயை மூடிக்கணும்னு முந்தின நாளே கேன்டீன்ல பேசி வெச்சுக்கிட்டோம். உங்க மானம் போகக்கூடாதுன்னு."

"அந்த ஆளை விட்டோமா?" என்றாள் லீடர், குரலைத் தாழ்த்தி. "வாய்க்கு வந்ததெல்லாம் தப்புத் தப்பா உளறினோம் மேடம். அலைய விட்டோம் பாருங்க. போர்டு நிறைஞ்சு போச்சு!"

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடமாக அவர்களுக்கு அவள் சொன்னது ஒன்றே ஒன்று. அதைத் தவிர எல்லாவற்றையும் அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கணவன் கேட்டுவிட்டுக் குதித்தான். "இப்பவே எழுதிக் குடு. பசங்க வேணும்னே பண்ணினாங்கன்னு அவங்களையே சொல்லச் சொல்லு."

"சொன்னா பத்துப் பேர் மேலயும் விசாரணை வரும். தேர்வுல குளறுபடி பண்ணினதா ஆகும். தூண்டி விட்டது நான்னும் ஆகும்."

"அப்ப நீ தியாகி ஆகப் போறியா?"

"இல்ல. எனக்கு வேற வழி இல்ல. ரெண்டும் வேற வேற."

உண்மையில் அந்த நாட்களில் அவளுக்கு அந்தப் பத்துப் பேர் மேல் கருணை ஒன்றும் இல்லை. வகுப்பில் அவர்கள் எழுந்து வணக்கம் சொல்லும்போது பற்றிக்கொண்டு வந்தது. அன்பினால் செய்தார்கள் என்பது உண்மைதான். அன்பு யோசனை செய்திருக்க வேண்டாமா என்று கேட்டால் அதற்கும் யாரும் பொறுப்பாளி இல்லை.

மாதம் முடிவதற்குள் ஸ்காலர்ஷிப் பணியில் சேர்ந்தான். ஒருநாள் அவள் மேசைக்கே வந்து நின்றான். "மேடம், அந்த எம்.ஏ. கிளாஸை எனக்குக் குடுப்பீங்களா? அவ்வளவு தைரியமாத் தப்புப் பண்றாங்க. இப்படி ஒரு கிளாஸ் நான் அங்கேயும் பார்த்ததில்ல. நீங்க நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்க." மனசாரத்தான் சொன்னான். துறைத்தலைவர் ஏற்கெனவே சம்மதித்திருந்தார். அவளுக்கு மாலை நேரச் சான்றிதழ் வகுப்பு ஒதுக்கியாயிற்று. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற நர்சுகளுக்கான வகுப்பு. அவள் வருகைப் பதிவேட்டை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

மறுநாள் லீடர் வராந்தாவில் மறித்தாள். கண் கலங்கியிருந்தது.

"எங்களை விட்டுட்டுப் போறீங்களா மேடம்? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எங்க மேல உங்களுக்கு அவ்வளவுதானா?"

அதுவரை அடக்கி வைத்திருந்தது அந்தக் கடைசிக் கேள்வியில் உடைந்தது.

"அன்னிக்கு என் கிளாஸ்ல நீ ஒரே ஒரு தப்புப் பண்ணியிருந்தா நான் இன்னிக்கு இந்தத் துறையில நிரந்தரமா இருந்திருப்பேன்" என்றாள் அவள். "தப்பைத் திருத்தறதுக்குத்தான் மார்க்கு. நீங்க எனக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்கலை. எல்லாத்தையும் கொண்டு போய் அவனுக்குக் குடுத்தீங்க."

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று வெளுத்தது. அதைப் பார்க்க அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அவர்களில் ஒருவருக்காவது தெரிந்ததே என்ற திருப்தி. பத்தடி நடப்பதற்குள் அது கசந்துவிட்டது. இருந்தாலும் அவள் திரும்பிப் போய் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்காலர்ஷிப் பேச்சுக் கொடுத்தான்.

"மேடம், அந்த லீடர் பொண்ணு கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கறா. கேட்டா தலையை மட்டும் ஆட்டறா. முன்னாடி அப்படி இல்லையே? என்ன ஆச்சுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அவள் சூடாக வெளிவந்த தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"தெரியலையே சார்" என்றாள்.