நான் வரைந்த கையெழுத்து

பதின்மூன்று வயதில் என் அப்பாவின் கையெழுத்தை நான் போட்டேன். போட்டேன் என்பதைவிட வரைந்தேன் என்பதே சரி. அதற்காக வருத்தப்பட வேண்டும் என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மூவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: மாட்டேன்.

பள்ளிக்கூடம் ரிவியேர் தே ஸாங்கீய் என்ற எங்கள் தீவு ஊரின் சந்தைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, நான்கு வகுப்பறைகள், ஒரு கொட்டகை. ஆபீஸ் சுவரில் ராஜாவின் படத்தை இறக்கி ராணியின் படத்தை மாட்டியிருந்த சமயம். மூன்றாம் படிவத்தில் இரண்டாம் தவணை தொடங்கியபோது தலைமையாசிரியரான ரெக்டர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். இனி ஆண்பிள்ளைகளுக்குத் தச்சு வேலை, பெண்பிள்ளைகளுக்குத் தையல். அதை விட்டு ஓவியத்தைப் பரீட்சைப் பாடமாக எடுக்க விரும்பினால் தகப்பனாரின் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் தாள் வராவிட்டால், தையல்தான்.

முதல் தவணை முழுவதும் தையல் வகுப்பில் ஒரே தலையணை உறையில் ஒரே நீல ரோஜாவைத் தைத்தவள் நான். அதே தவணையில் வாரம் ஒரு மணி நேரம் ஓவிய வகுப்பும் இருந்தது. ஓவிய ஆசிரியர் ஒல்லியான க்ரெயோல்காரர். சோக்குத் தூளால் எப்போதும் இருமிக்கொண்டே இருப்பார். முதல் நாள் மேசைமேல் ஒரு பழைய எனாமல் கூஜாவை வைத்தார். நான் நேர்த்தியாக ஒரு கூஜா வரைந்து நீட்டினேன். அவர் உண்மைக் கூஜாவின் இடுப்பிலிருந்த நசுங்கலைத் தொட்டுக் காட்டினார். "இது உன் படத்தில எங்கே? கூஜா எப்படி இருக்கணும்னு உன்னை யாரும் கேக்கல. இருக்கறதைப் போடு." எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எனக்கு இந்த வகுப்புதான் வேண்டும் என்று.

அப்பா சர்க்கரைத் தோட்டத்தில், கரும்பு வண்டிகளை எடைபோடும் பலான்ஸில் எழுத்தர். தாளை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"படம் போட்டு யார் சாப்பிட்டாங்க? உன் சித்திகிட்ட மெஷின் இருக்கு, வாடிக்கை இருக்கு. கைத்தொழில் கத்துக்கோ."

"எனக்கு ஊசி பிடிக்கல."

"எனக்கும்தான் கரும்பு பிடிக்கல."

பேச்சு அதோடு முடிந்தது. வியாழக்கிழமை அவர் வேலையிலிருந்து திரும்புவதற்குள் அலமாரியிலிருந்து கோவில் நோட்டை எடுத்தேன். அப்பாதான் கோவில் செயலாளர். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களின் பெயர்களை வருடாவருடம் அதில் எழுதி, அடியில் கையெழுத்திடுவார். அது தமிழ்க் கையெழுத்து. எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வீட்டில் பேசியது க்ரெயோல். கோவிலில் பாடும் பாட்டுகளைக்கூட ஃப்ரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துத்தான் பாடுவோம். ஆகவே அந்தக் கையெழுத்தை ஒரு கூஜாவைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். இரண்டு வளைவுகள், ஒரு சுழி, கீழே இழுத்த ஒரு நீண்ட வால், வாலின் நுனியில் ஒரு மைப்பொட்டு. பதினெட்டு முறை பழைய காகிதத்தில் வரைந்து பார்த்தேன். பத்தொன்பதாவது முறை பள்ளித் தாளில் வரைந்தேன். பொட்டையும் விடவில்லை.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அப்பாவுக்கு இரண்டு கையெழுத்துகள். கோவிலுக்கு ஒன்று. தோட்டத்துக்கும் அரசாங்கத்துக்கும் பள்ளிக்கும் ஃப்ரெஞ்சு எழுத்தில் சாய்வாக இன்னொன்று. என்னைச் சேர்த்த விண்ணப்பத்தில் இருந்தது அந்த இரண்டாவது.

திங்கட்கிழமை ரெக்டர் அப்பாவை வரவழைத்தார். அப்பா வேலைக்கு நடுவில் வந்திருந்தார். காக்கிச் சட்டையில் கரும்புத் தூசி, கையில் தொப்பி. வாசலிலேயே நின்று "வி, மிஸ்யே" என்று, ஆமாம் ஐயா போட்டார். ஓவியப் பட்டியல் ஓவிய ஆசிரியருடையது என்பதால் அவரையும் அழைத்திருந்தார்கள். ரெக்டர் பழைய விண்ணப்பத்தையும் என் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இதுல எது உங்களோடது?"

அப்பா குனிந்தார். அவருடைய விரல் என் தாளில் மெதுவாக நகர்ந்து, மைப்பொட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. நான் தலையைக் குனியவில்லை.

அப்பா நிமிர்வதற்குள் ரெக்டர் ஆசிரியர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இது எழுதினதா, வரைஞ்சதா?"

ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மூக்கருகே கொண்டுபோனார். இருமினார். "எனக்குத் தெரியாத எழுத்து, மிஸ்யே ரெக்டர். தெரியாத எழுத்து எல்லாமே எனக்குப் படமாத்தான் தெரியும்."

ரெக்டரின் கழுத்து சிவந்தது. "உங்களோடதா, இல்லையா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ரெண்டும் என்னோடதுதான்."

"ஒரு மனுஷனுக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு தோட்டத்து பெரிய க்ளார்க் தன்னால படிக்க முடியணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது. இது என்னோடது."

"இதை இங்க யாரும் படிக்க முடியாது."

"என் பொண்ணு படிப்பா."

ரெக்டர் தாளை என் பக்கம் தள்ளினார். "படி."

வரைந்தவள் நான்தான். ஆனால் எந்தக் கோடு எந்த ஒலி என்று எனக்குத் தெரியாது. இடது ஓரத்தில் விரலை வைத்து அப்பாவின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே நகர்த்தினேன். பெயர் முடிந்தபோது விரல் பாதி வழியில் இருந்தது. கடைசி ஒலியை வால் முடியும்வரை இழுத்தேன். ஆசிரியருக்குப் பலமாக இருமல் வந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்படின்னா என் எதிர்ல இன்னொரு தடவை போடுங்க" என்றார் ரெக்டர். அப்பா தொப்பியை மேசைமேல் வைத்தார். ரெக்டரின் மேசைமேல் தொப்பியை வைப்பவர்கள் கிடையாது. பேனாவை வாங்கி, என்னுடையதற்குக் கீழே தமிழில் கையெழுத்திட்டார். அவருடையது என்னுடையதைவிடக் கோணலாக இருந்தது. ரெக்டர் ஒரு நிமிடம் இரண்டையும் பார்த்துவிட்டு, பட்டியலில் என் பெயரைச் சேர்த்தார்.

வாசலைத் தாண்டியதும் அப்பா என் காதைத் திருகினார். நன்றாக வலித்தது.

"பொட்டு எதுக்குடீ போட்டே?"

"இருந்துச்சு. போட்டேன்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு பலான்ஸுக்குத் திரும்பிப் போனார். நான் ரெக்டரையும் அப்பாவையும் ஒரே நாளில் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா மறு காதைத் திருகினார்.

அந்த வாரக் கடைசியில் அப்பா வழக்கத்தைவிட ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்தார். நான் ஜன்னலோரம் மூன்று சூசூ காய்களை வைத்து வரைந்துகொண்டிருந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஏன் தாமதம் என்று கேட்டார்.

"எடைத் தாளைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. வேற கையெழுத்து போடச் சொன்னாங்க."

"போட்டீங்களா?"

"மூணு தடவை கொடுத்தாங்க. மூணு தடவையும் என்னோடதைத்தான் போட்டேன்."

"ஐயோ" என்று அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் அப்பாவைப் பலான்ஸிலிருந்து எடுத்து, கரும்பு வெட்டுகிறவர்களோடு வயலுக்கு அனுப்பினார்கள். அதற்கும் என் தாளுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குப் பல வருடங்கள் தோன்றவே இல்லை. என்னைக் காப்பாற்ற அவர் ஒரு பொய் சொன்னார் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாமதமாக வந்த அன்று மாலை அவர் சட்டையைக்கூட மாற்றாமல் ஜன்னலுக்கு வந்து, என் தாளைப் பார்த்தபடி நின்றார். ஏதோ சொல்ல வந்தவர்போல இருந்தது. எனக்கு மூன்றாவது காயின் நிழல் இன்னும் சரியாக வரவில்லை.

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றேன்.

அவர் தள்ளி நின்றார்.