மூன்றாவது ஆம்ப்

வீட்டில் முதல் பட்டதாரி என்ற மிதப்பு கிட்டார்காரருக்குக் கொஞ்சம் உண்டு. ஆம்ப் எனும் ஒலிபெருக்கிகள் பலவற்றின் ஒலியை அப்படியே கொண்டுவரும் மாடலர் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு மாதம் ஹெட்போனில் கேட்டுக் கேட்டு ஒலியைச் செதுக்கியிருந்தார். கச்சேரியன்று மாடி அரங்கில் பவர் ஆம்ப் வழியாகக் கிட்டார் ஸ்பீக்கரில் விட்டதும், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்டது.

"என்னடா ஆம்ப் இது? தகர டப்பா!" என்று குழுவினர் முன்னாலேயே கூடப்பிறந்த தம்பிமேல் எரிந்து விழுந்தார். பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு மைக்செட் வேலைக்கு வந்தவன் அவன். வேறொரு ஆம்பைத் தூக்கி வந்தான். அதிலும் அதே போர்வை.

"எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன்டா நான். எனக்குத் தெரியாதா?"

மூன்றாவதைத் தோளில் சுமந்து மாடியேறினான். அதுவும் அப்படியே ஒலிக்க, குனிந்து அண்ணன் காதோடு சொன்னான்: "அண்ணே, உங்க பெட்டிக்குள்ளயே ஸ்பீக்கர் மாதிரி ஒண்ணு ஓடுது. அது ஹெட்போனுக்குத்தான். இங்க நிஜ ஸ்பீக்கரே இருக்கே, பெட்டிக்குள்ள ஓடுறதை அணைச்சிடுங்க."

அணைத்தார். கிட்டார் கணீரென்றது.

"அப்பாடா! முந்தின ரெண்டையும் பழைய இரும்புக்குப் போடுப்பா," என்றார் பாடகர்.

"போட்டுடறேன் சார்," என்று தம்பி சிரித்தான்.

அந்த இரண்டு ஆம்ப்களிலும் ஒரு குறையுமில்லை என்று அண்ணனுக்கு இப்போது தெரியும். தம்பி அந்த இரண்டையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி முடிக்கும்வரை, சுருதி சேர்ந்தே இருந்த கிட்டாருக்குத் தலை நிமிராமல் மறுபடி மறுபடி சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.