ஹெல்மெட்டைக் கழற்றாதவள்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எனக்கொன்றும் குடி முழுகிப் போகாது. ஆனால் "பேயாவது பிசாசாவது" என்று பல்லைக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இது என் சித்தப்பா மகள் மதுமிதாவுக்கு நடந்தது. போன வருஷம் நடந்தது. நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. கடைசியில் நடந்ததற்கு நானே சாட்சி.

மதுமிதா தேவகோட்டைப் பெண். பி.எட். முடித்த கையோடு, மலேசியாவில் ஒரு மிஷன் பள்ளிக்குத் தன்னார்வ ஆசிரியையாகப் போகிறேன் என்று நின்றாள். ஒரு வருஷம். சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்க ஓர் அறையும் உண்டு. "கூலியில்லாத வேலைக்குக் கடல் தாண்டிப் போறவளை இப்பத்தான் பாக்குறேன்" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை. பிடிவாதத்தில் அவளை மிஞ்ச எங்கள் வீட்டில் ஆளில்லை.

பள்ளி கிள்ளான் என்ற ஊரில் இருந்தது. ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பழைய பங்களா. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அரசாங்கப் பள்ளியில் சேர முடியாத தமிழ்ப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். காலையில் தமிழ், கணக்கு. மத்தியானம் சோறு. அப்புறம் பெற்றவர்கள் வேலை முடிந்து வந்து கூட்டிப் போகும் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மதுமிதாவின் பொறுப்பு. கீழே வகுப்பு, மாடியில் அவள் அறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயில் பிடித்து, தலைநகரில் தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ப் பூக்கடையும் காப்பி வாசமுமாகக் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வருவாள்.

அந்தப் பள்ளியில் அவளை வா என்று சொன்னவர் யாருமில்லை. பொறுப்பாளர் சுகுமாறன் சிரித்து அவள் பார்த்ததில்லை. இன்னோர் ஆசிரியர் கமலநாதன், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். அவருக்கு நாக்கில் தேள் கொடுக்கு.

"ஊர்லருந்து வருவீங்க, புள்ளைங்க மேல பாசத்தக் கொட்டுவீங்க, போட்டோ எடுத்துக்கிட்டு ஓடிப் போயிடுவீங்க. அப்புறம் அழுவுற புள்ளைய நாங்கதான் பாக்கணும்" என்றார் முதல் நாளே.

சுகுமாறன் போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்.

"கேட்ல யார் வந்தாலும் ஹெல்மெட்ட கழட்டச் சொல்லுங்க. மூஞ்சியப் பாருங்க. அப்புறம்தான் புள்ளைய விடணும். மழை நாள்ல கண்டிப்பா."

அங்கே தாய் தகப்பன் எல்லோரும் மோட்டார் சைக்கிளில்தான் வருவார்கள். மழைக்கோட்டும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட்டுமாக வந்தால் ஆணா பெண்ணா என்றே தெரியாது. பிள்ளை பிடிக்கிறவர்களுக்குப் பயந்து வைத்த வழக்கம் என்று மதுமிதா நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளில் ஒருத்தி திவ்யாஷினி. ஏழு வயது. எல்லோருக்கும் ஷினி. மதுமிதாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே பள்ளி முழுக்கத் திரிவாள். அவள் அம்மா புவனாவுக்குக் கையுறை பேக்டரியில் வேலை. அந்த ஊர்க்காரர்களைப் போலப் பேச்சின் கடைசியில் 'லா' ஒட்டிப் பேசுவாள். தினமும் கடைசியாக வருவது புவனாதான். நீல நிற மழைக்கோட்டு, கறுப்பு ஹெல்மெட், புகை கக்கும் பழைய மோட்டார். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதுமே ஷினி "ம்மா" என்று கேட்டுக்கு ஓடுவாள். கட்டின புருஷன் விட்டுப் போன பிறகு புவனாவுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு பிள்ளை. மதுமிதாவுக்கும் ஷினி மேல் கொள்ளைப் பிரியம்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. புவனா வந்து கேட்டில் நின்றாள். மதுமிதா வழக்கம்போல ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னாள். புவனாவுக்கு வந்ததே கோபம்.

"டெய்லி பாக்குற மூஞ்சிதானே டீச்சர்? பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றேன். இதுல நனைஞ்சு வேற சாகணுமா நானு?"

கழற்றிக் காட்டிவிட்டு, கண்ணீரா மழையா என்று தெரியாத முகத்தோடு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனாள். பின்னாலிருந்து கமலநாதன் வேறு, "இந்தியாவுல கலெக்டர் ஆவப் படிச்சீங்களோ?" என்றார். மதுமிதாவுக்கு மனசு ஆறவில்லை. பெற்ற தாயைத் திருடி மாதிரி மழையில் நிற்க வைத்துவிட்டோமே என்று ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாளும் மழை. மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். சுகுமாறன் வெளியே போயிருந்தார். கமலநாதன் உள்ளே. வராந்தாவில் மதுமிதாவும் ஷினியும் மட்டும். ஐந்தரை மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு.

நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுக்கு வெளியே புவனா.

நீல மழைக்கோட்டு. கறுப்பு ஹெல்மெட். மோட்டாரில் உட்கார்ந்தபடி காத்திருந்தாள். எப்போது வந்தாள்?

"ஷினி, அம்மா வந்தாச்சு."

ஷினி ஓடவில்லை. துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மோட்டர் சத்தம் கேக்கல டீச்சர்."

"மழை இந்தப் போடு போடுது. எப்படிக் கேக்கும்? போம்மா, அம்மா நனையிறாங்கல்ல."

கேட்டைத் திறந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்ல வாயெடுத்தாள். நேற்றைய பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். "போய்ட்டு வாங்கக்கா" என்றாள். ஹெல்மெட் ஒருமுறை மெதுவாக அசைந்தது. ஷினி நகரவில்லை. மதுமிதாவே அவள் முதுகில் கை வைத்து வெளியே தள்ளினாள். தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்ததும் அவள்தான்.

வண்டி போய்விட்டது. கேட்டைப் பூட்டிவிட்டு வராந்தா ஏறினாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அங்கே பட்டப்பகலில்கூட எல்லா மோட்டாருக்கும் முன்விளக்கு எரியும். இந்த வண்டிக்கு எரியவில்லை. இன்னொன்று... அந்த மழைக்கோட்டு. தூக்கி உட்கார வைத்தபோது இவள் கை அதில் பட்டது.

கொட்டுகிற மழையில், அது காய்ந்து கிடந்தது.

'சேச்சே' என்று தலையை உதறினாள்.

அப்போது தெருமுனையில் சத்தம் கேட்டது. டட்... டட்... டட்... புகை கக்கும் பழைய மோட்டார். விளக்கு எரிய வந்து கேட்டில் நின்றது. நீல மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் ஓடியது. யாரும் கேட்காமலே புவனா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"நேத்து கத்திட்டேன் டீச்சர், சாரி லா. இந்தாங்க, நானே கழட்டிட்டேன். எங்க ஷினி?"

மதுமிதா பாய்ந்து போய்க் கேட்டைத் திறந்தாள். செருப்புக்கூட இல்லாமல் தெருவில் ஓடினாள். பின்னால் புவனா, "என்னா டீச்சர்? எங்க எம்மவ?" என்று அலறிக்கொண்டே வண்டியைத் திருப்பினாள். மழை வழுக்கலில் வண்டி சரிந்து விழுந்தது. மதுமிதா நிற்கவில்லை.

தெரு முடிவில் மேம்பாலம். மழை வந்தால் மோட்டார்க்காரர்கள் எல்லோரும் அதனடியில் ஒதுங்குவார்கள். எந்த மழையிலும் அங்கே கூட்டம் நிற்கும், சிகரெட் புகையும், சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அன்றைக்கு ஒரே ஒரு வண்டிதான் நின்றது.

பின்சீட்டில் ஷினி. முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, அது.

"ஷினி! இங்க வா!" என்று கத்தினாள்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஷினி... இங்க வா..."

மதுமிதாவின் குரல். அதே தேவகோட்டைப் பேச்சு. அதே இழுவை.

ஷினி இரண்டு பக்கமும் பார்த்தாள். அழக்கூட இல்லை. குழம்பிப் போய்ப் பார்த்தாள்.

"நான்தாம்மா டீச்சர்! இறங்கி வா!"

"நான்தாம்மா டீச்சர்... இறங்கி வா..."

இவள் நெருங்க நெருங்க, குரல் இன்னும் ஒத்துப்போனது. முதலில் சொன்னபோது கொஞ்சம் பிசிறு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தன் குரலைத் தானே அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

கையை மட்டும் நீட்டினாள். மூச்சு இரைத்தது. கண்ணாடிச் சில்லு கிழித்துக் காலில் ரத்தம் ஓடியது.

ஷினி அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். முன்னால் இருந்த நீல முதுகைப் பார்த்தாள். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சரக்கென்று சறுக்கி இறங்கி ஓடி வந்தாள்.

வாரித் தோளில் போட்டுக்கொண்டு மதுமிதா திரும்பி ஓடினாள்.

பின்னால்...

கிளிக்.

ஹெல்மெட் வாரைக் கழற்றுகிற சத்தம்.

திரும்பக்கூடாது.

திரும்பவில்லை.

ஆனால் தோளில் கிடந்த பிள்ளை பின்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கேட்டை அடைந்ததும் புவனா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். வண்டியோடு விழுந்ததில் அவள் முழங்கை கிழிந்து ரத்தம். "ஊர்லருந்து வந்து எம்புள்ளைய யாருக்கோ தூக்கிக் குடுக்குறியா? நீ நல்லா இருப்பியா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். மதுமிதா அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். பிள்ளை கிடைத்தாளே, அதுபோதும் என்றிருந்தது அவளுக்கு. துண்டு கொண்டு வந்து ஷினியின் தலையைத் துவட்டினாள். அப்போது ஷினி அவள் காதோடு சொன்னாள்.

"அவங்க ஹெல்மெட்ட கழட்டிட்டாங்க டீச்சர்."

"...யாரும்மா அது?"

"நீங்க."

சுகுமாறன் வந்து கேட்டார். கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது என்றாள் மதுமிதா.

"ஏன் அந்த ரூல்னு எனக்கும் தெரியாது. எனக்கு முன்ன இருந்தவரு சொன்னாரு. அவருக்கு அவருக்கு முன்ன இருந்தவரு சொன்னாராம். நான் ஏன்னு கேக்கல, செஞ்சேன். நீங்களும் செஞ்சிருந்தா போதும்."

"சார், அது மூஞ்சி..."

"போதும். டிக்கெட் போட்டுடறேன். வெள்ளிக்கிழமை கெளம்புங்க."

அவள் சொல்ல வந்ததை யாரும் காதில் வாங்கவில்லை. கமலநாதன், "ஒரு வருஷம்னு வந்தாங்க, ஒரு மழைக்குத் தாங்கல" என்றார். கிளம்புகிற அன்று ஷினி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வருவீங்க டீச்சர்?" என்று தேம்பித் தேம்பி அழுதாள். மதுமிதாவும் அழுதாள். பிள்ளை மனசு ஆறட்டும் என்று, "சீக்கிரம் வந்துடறேன்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள்.

ஊருக்கு வந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு மத்தியானம் நான் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல வெயில். கூடத்தில் உட்கார்ந்து, இதுவரை உங்களுக்குச் சொன்ன அத்தனையையும் மதுமிதா என்னிடம் சொல்லி முடித்தாள். நானும் உங்களை மாதிரிதான். 'பயத்தில் பிள்ளை உளறியிருக்கும்' என்று சிரித்தேன்.

நாலு மணிக்கு அவள் கைப்பேசி அடித்தது. மலேசியாவில் அப்போது ஆறரை.

சுகுமாறன். மதுமிதா எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் சோவென்று மழைச் சத்தம். மனிதர் முதல்முறையாகச் சிரித்துப் பேசினார்.

"என்ன மதுமிதா, சொல்லாம கொள்ளாம திரும்பி வந்துட்டீங்க? நான் பேசினத மனசுல வச்சுக்காதீங்க. வந்தது சந்தோசம் லா."

மதுமிதா என்னைப் பார்த்தாள்.

"கமலநாதன் சொன்னாரு. இந்தத் தடவ ரூல் பிரகாரம் நீங்களே ஹெல்மெட்ட கழட்டிக் காட்டினீங்களாம். அவருக்கே சிரிப்பு வந்திருச்சாம். ஷினி ஒங்களப் பாத்ததும் ஒரே ஓட்டமா ஓடி வந்து வண்டியில ஏறிக்கிச்சாமே..."

கைப்பேசி அவள் கையிலிருந்து நழுவியது.

"ஹலோ? மதுமிதா? எங்க சுத்திக்கிட்டு இருக்கீங்க? புவனா வந்து நிக்கிறாங்க. புள்ளைய சீக்கிரம் கொண்டாந்து விடுங்க லா."

நான்தான் எடுத்தேன்.

"சார்... மதுமிதா இங்க, தேவகோட்டையில, என் முன்னாடி உக்காந்திருக்கா."

அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு நடுவே புவனா, "என்னா சார், என்ன சொல்றாங்க? எங்க எம்மவ?" என்று கேட்டாள்.